லாரி மோதினால் தாங்குசுவர் சரியுமா?

கேள்வி: தினமும் விடியற்காலையில் கம்பெனி லாரியில் புக்கிட் தீமா விரைவுச்சாலை வழியாக வேலைக்குப் போகிறேன். போகிற வழியில் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பயம். வண்டி மோதினால் சுவர் சரியாதா? அதையும் கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்களா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். ஆனால் எல்லாச் சுவருக்கும் ஒரே கணக்கு இல்லை.

மேட்டை வெட்டிச் சாலை போட்ட இடத்தில் சுவர் உங்கள் பக்கவாட்டில் உயர்ந்து நிற்கும். வண்டி மோதினால் அது மண்ணை நோக்கித்தான் தள்ளும், பின்னால் அத்தனை மண்ணும் முட்டுக்கொடுத்து நிற்கிறது. அங்கே என் கவலை வண்டிக்குள் இருப்பவர்களைப் பற்றித்தான். முகப்பு வழவழவென்று இருந்தால் வண்டி உரசிக்கொண்டே போய் வேகம் குறையும். அழகுக்காகத் துருத்திய கல்லோ ஆழமான வரிகளோ வைத்தால் வண்டி அதில் மாட்டிச் சுழன்றுவிடும், அந்த அழகு சக்கரம் படும் உயரத்தில் வேண்டவே வேண்டாம்.

சாலையே சுவரின் தலைமேல் ஓடும் இடம்தான் சிக்கலானது. மண் ஏற்கெனவே சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது, ஓரத் தடுப்பில் மோதும் வண்டியும் அதே பக்கம்தான் தள்ளும். அமெரிக்கச் சோதனை ஒன்றில் 2,270 கிலோ பிக்கப் வண்டியை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 25 டிகிரி சாய்வாக மோதவிடுகிறார்கள். சாய்வாக மோதுவதால் வண்டியின் ஆற்றலில் ஏறக்குறைய 18 சதவீதம்தான் தடுப்பை நோக்கிப் போகிறது, அதுவே 156 கிலோஜூல். அதற்காகத் தடுப்பை வடிவமைக்கும் விசை சுமார் 240 கிலோநியூட்டன், அதாவது 24 டன் எடையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்த மாதிரி.

இந்த விசையை, முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி, உலோகப் பட்டைகளால் மண்ணோடு பிணைத்த சுவரின் தலையில் நேராக ஏற்றினால் மேல்வரிசைப் பலகை பெயர்ந்துவிடும். அதனால் தடுப்பின் அடியிலிருந்து சாலைக்குக் கீழே உள்நோக்கி ஒரு கான்கிரீட் பலகையை நீட்டுகிறார்கள், மொமென்ட் ஸ்லாப் என்று பெயர். தடுப்பும் ஸ்லாப்பும் ஒன்றாக வார்க்கப்பட்டு எல் வடிவத்தில் இருக்கும், சுவர்ப் பலகையைத் தொடாமல் இடைவெளியும் விட்டிருப்பார்கள். மோதல் ஒரு நொடிகூட நீடிப்பதில்லை, அத்தனை கனமான ஸ்லாப் அசையத் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் ஸ்லாப் கவிழுமா, நழுவுமா என்று பார்க்கும்போது சுமார் 45 கிலோநியூட்டன் நிலைவிசை, அதாவது மோதாமல் ஒரே சீராகத் தள்ளும் விசை, போதும் என்கிறார்கள். ஆனால் தடுப்பும், அது ஸ்லாப்போடு சேரும் இடத்துக் கம்பியும் முழு 240-ஐயும் தாங்கியாக வேண்டும். அங்கே கம்பியில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

கேள்வி: லாரி இடித்த தடுப்பில் சிமெண்ட் பூசிவிட்டால் போதும் என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். சரியா?
- வாசகர், ஜூரோங்

பதில்: போதாது. பூசினால் விரிசல் மறைந்துவிடும், அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியாது. முதலில் தடுப்பின் பின்பக்கத்தையும் அடியையும் பாருங்கள். சாலையில் தடுப்புக்கு இணையாகப் புதுப் பிளவு இருக்கிறதா, கீழே சுவர்ப் பலகை வரிசையிலிருந்து விலகியிருக்கிறதா, இணைப்புகள் வழியாக மண் கொட்டுகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் படம் எடுத்துக்கொண்டு, பொறியாளர் வந்து பார்க்கும்வரை அந்த ஓரத்தில் வண்டி விடாதீர்கள்.