குளிரை நம்பித் தொங்கவிட வேண்டாம்

ஐயா,
தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். 3டி பிரின்டருக்கு (பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் இயந்திரம்) வாங்கிய பிளாஸ்டிக் இழை தீர்ந்து 3 வெறும் சுருள்கள் கிடக்கின்றன. அவற்றை அடுக்கி, நடுத்துளையில் 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் மாட்டித் தொங்கவிட யோசனை. ஹோல்டரைத் தாங்கும் வளையத்தை பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையில் அடித்துவிட்டேன். சுருள்களை எந்தப் பசையால் ஒட்டுவது? ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாமா? எங்கள் ஊர்க் குளிருக்குச் சூடு பிரச்சினை இல்லைதானே?

அன்புள்ள தம்பி,

குப்பைக்குப் போக வேண்டிய சுருளில் விளக்கைக் கண்டிருக்கிறீர்கள். அந்தக் கண் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்தது.

வெளியே பனி மூடிக் கிடக்கட்டும். நடுக்குழாயில் அடைபட்ட காற்றுக்கு அது தெரியுமா? எல்.ஈ.டி. பல்பின் வெள்ளை முகத்தைத் தொட்டுவிட்டு 'சுடவில்லை' என்கிறோம். சூடெல்லாம் கழுத்தில், மின்சுற்று இருக்கும் இடத்தில். தலைகீழாகத் தொங்கவிட்டால் கழுத்து மேலே வரும், அதற்கும் மேலே உங்கள் வளையம். பி.எல்.ஏ. ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் இளகும். பாரம் தொங்கினால் அதற்கு முன்பே மெல்ல இழுபடும். ஒரே இரவில் தெரியாது. வட்டத் துளை முட்டை வடிவாகும், ஹோல்டர் ஒரு பக்கம் சாயும், கடைசியில் முழுப் பாரமும் 230 வோல்ட் ஓடும் வயர் முனையில் தொங்கும். பிள்ளைகள் படுக்கிற அறையில் இதையா மாட்டுவீர்கள்?

போதாததற்கு, சாதாரண பல்பின் வயிறு 60 மி.மீ., பெரும்பாலான 1 கிலோ சுருளின் துளை 50 சொச்சம். நுழையவே நுழையாது. அறுத்து நுழைத்தாலும் குழாய்ச் சுவர் வெளிச்சத்தை மறைத்துவிடும்.

பல்பை விட்டுவிடுங்கள். மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும் 12 வோல்ட் எல்.ஈ.டி. பட்டை 2 மீட்டர் வாங்கி, இழை சுற்றியிருந்த அதே இடத்தில், சுருளுக்கு இரண்டு சுற்றாக ஒட்டுங்கள். வாட் கணக்கு ஏறக்குறைய அதேதான், ஆனால் சூடு 2 மீட்டருக்கும் பரவிவிடும். மீட்டருக்கு 60 எல்.ஈ.டி. உள்ள பட்டையில் 5 செ.மீ.க்கு ஒரு வெட்டுக்கோடு இருக்கும், அங்கே மட்டும் வெட்டுங்கள். துண்டுகளை இணைக்கையில் பிளஸ் முனை பிளஸோடுதான். பட்டை இழுப்பது 0.8 ஆம்பியர். 1 ஆம்பியர் அடாப்டரில் அதிக இடைவெளி இல்லை, 2 ஆம்பியர் எடுங்கள். அது சுவர்ப் பக்கமே இருக்கட்டும், விளக்குக்குள் 12 வோல்ட் மட்டும் போகட்டும். கண் கூசாமலிருக்க, வெள்ளை இழையில் 0.8 மி.மீ. தடிப்பில் வளைந்த மறைப்பு அடித்துச் சுற்றலாம்.

பசையே வேண்டாம். விளிம்புகளில் 3.2 மி.மீ. துளையிட்டு, ஒவ்வோர் இணைப்புக்கும் எம்3 (3 மி.மீ. தடிப்பு) போல்ட் நான்கு போடுங்கள். பெயின்ட்? அதிலுள்ள தின்னர் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் சுருளை அரித்துவிடும், விடுங்கள். அட்டைச் சுருளானால் உங்கள் ஊர் ஈரத்தில் நெளியும்.

தொங்கவிடும் கொக்கியை பி.ஈ.டி.ஜி. என்ற இன்னொரு பிளாஸ்டிக் இழையில் அடியுங்கள், அது ஏறக்குறைய 80 பாகையில்தான் இளகும். நிறுத்தி அடித்தால் பாரம் அடுக்குகளைப் பிரித்துவிடும், படுக்கவைத்தே அடியுங்கள். அடிக்கும்போது இழை உருகி வெளிவரும் நொசிலில் படபடவென்று வெடித்தால் இழை ஈரம் குடித்திருக்கிறது, காயவைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். எல்லாம் பூட்டியபின் மேசையிலேயே 3 மணி நேரம் எரியவிட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். எங்கும் சுடவில்லையென்றால் மாட்டுங்கள்.