ஹரோவில் இருக்கிறோம், மகனை ஹரோவுக்கு விடலாமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். மகன் அரச ஆரம்பப் பாடசாலையில் இயர் ஃபைவ் படிக்கிறான், கெட்டிக்காரன். கணவர் யாழ்ப்பாணத்தில் ஆண்கள் கல்லூரியில் படித்தவர். மகனும் பெடியன்கள் மட்டும் படிக்கிற தனியார் பாடசாலைக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. புலமைப்பரிசில் எடுத்தால் காசு கட்டத் தேவையில்லை என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். இருவரும் வேலை செய்கிறோம், வீட்டுக்கடன் இருக்கிறது, மகனுக்கு இளைய மகள் ஒருத்தி. எப்போது விண்ணப்பிப்பது? எவ்வளவு ரியூசன் வேண்டும்? சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையை நிறுத்த வேண்டிவருமா?

பதில்: உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன், சகோதரி. ஹரோவில் குடியிருப்பவர்களுக்குத் தனியார் ஆண்கள் பாடசாலை என்றதும் மலை உச்சியில் தெரிகிற அந்த ஹரோ பாடசாலைதான் நினைவுக்கு வரும். 1572இல் தொடங்கியது, சேர்ச்சிலும் நேருவும் படித்தது. ஆனால் அங்கே பகல் மாணவர் கிடையாது. அடுத்த தெருப் பையனானாலும் பெட்டி படுக்கையோடு போய் விடுதியில்தான் தங்கவேண்டும். அதைத் தொடங்கிய ஜோன் லையன் என்ற விவசாயி உள்ளூர்ப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் தொடங்கினார். காலப்போக்கில் வெளியூர்ப் பணக்காரர் வந்து நிரப்பியதால், உள்ளூர்ப் பையன்களுக்கென்று 1876இல் மலைச்சரிவில் அவருடைய பெயரிலேயே இன்னொரு பாடசாலை தொடங்க வேண்டியதாயிற்று. அந்த ஜோன் லையன் பாடசாலையும் 2021இலிருந்து பெண்பிள்ளைகளைச் சேர்க்கிறது.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே ‘தனியார் ஆண்கள் பாடசாலை’ என்பது ஒரே சாமான் அல்ல. ஹரோ, ஈட்டன் போன்ற விடுதிப் பாடசாலைகளில் 13 வயதில், அதாவது இயர் நைனில் சேர்க்கிறார்கள். உங்கள் மகனின் ஆரம்பப் பாடசாலையோ 11 வயதில் முடிந்துவிடும். நடுவில் இரண்டு வருடம் எங்கே படிப்பது? வசதியானவர்கள் இதற்கென்றே பிள்ளையைச் சிறு வயதிலிருந்து ‘பிரெப்’ பாடசாலையில் விட்டு, 13 வயதுவரை அங்கேயே வைத்திருப்பார்கள். அரச பாடசாலைப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம், தடையில்லை. ஆனால் இயர் செவன், எய்ட் இரண்டையும் ஒரு பாடசாலையில் படித்துவிட்டுப் பிறகு மாறவேண்டும்.

இந்த வழியில்தான் திகதி ஆளை ஏமாற்றும். பிள்ளை சேரப்போவது 13 வயதில் என்றாலும், ஈட்டனில் பெயர் பதிய இயர் ஃபைவ் முடிகிற ஜூன் 30தான் கடைசி நாள். பரீட்சை இயர் சிக்ஸில். மற்ற விடுதிப் பாடசாலைகளும் பெரும்பாலும் இதை ஒட்டியே நடக்கும். ‘இன்னும் மூன்று வருடம் இருக்கிறதே’ என்று ஆறுதலாக இருந்துவிட்டு இயர் செவனில் எனக்குத் தொலைபேசி எடுக்கிற பெற்றோர் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். ஈட்டனின் கட்டணம் வரியோடு சேர்த்து வருடத்துக்கு 63,000 பவுண் அளவில் வருகிறது. நீங்கள் எழுதிய நிலைமையைப் பார்த்தால், கணிசமான உதவிப்பணம் இல்லாமல் இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது என்றே நினைக்கிறேன்.

உங்களுக்குப் பொருத்தம் பகல் பாடசாலை. அங்கே 11 வயதில், இயர் செவனுக்கே எடுப்பார்கள். உங்கள் பக்கத்தில் பையன்களுக்கென்று பேர்போனவை நோர்த்வூட்டில் இருக்கிற மேர்ச்சன்ட் டெய்லர்ஸ், எல்ஸ்ரியில் இருக்கிற ஹபர்டாஷர்ஸ். முன்னது 1561இல் லண்டன் நகருக்குள் தொடங்கி 1933இல் இங்கே வந்தது. பின்னதில் ஆண்கள் பாடசாலைக்குப் பக்கத்திலேயே பெண்கள் பாடசாலையும் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே பஸ் சேவை. மகளையும் யோசிக்கிறீர்கள் என்றால் அது சின்ன வசதியில்லை. ஒரு எச்சரிக்கை: ஆண்கள் பாடசாலைகள் ஒன்றொன்றாகக் கலவனாகி வருகின்றன. பெடியன்கள் மட்டும் என்பதுதான் கணவருக்கு முக்கியம் என்றால், மகன் படிக்கப்போகிற ஏழு வருடத்துக்குள் மாற்றுகிற திட்டம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்.

பகல் பாடசாலைகளில் பதிவு அநேகமாக இயர் சிக்ஸ் ஒக்டோபர், நவம்பரில் மூடும். பரீட்சை நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில், முடிவு பெப்ரவரியில். பாடசாலைக்குப் பாடசாலை நாள் மாறும். அதனால் சொந்தக்காரர் சொன்ன திகதியை நம்பாமல் இணையத்தளத்தில் பார்த்துக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் திருப்பித் தராத பதிவுக் கட்டணம் உண்டு. மூன்று, கூடினால் நான்கு பாடசாலை போதும். எட்டுப் பாடசாலைக்குப் பரீட்சை எழுதிய பத்து வயதுப் பிள்ளை தை மாதத்தில் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

சரி, காசுக்கு வருவோம். லண்டன் பகல் பாடசாலை ஒன்றுக்கு இப்போது வருடம் ஏறக்குறைய 30,000 பவுண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு 20 வீதம் வற் வரியும் வந்துவிட்டது. ஏழு வருடத்துக்கு 2,10,000 பவுண். கட்டணம் வருடா வருடம் ஏறும், அது இந்தக் கணக்கில் இல்லை. பஸ், சாப்பாடு, சீருடை, சுற்றுலா இல்லை. முக்கியமாக, மகள் இல்லை. அண்ணனுக்குச் செய்து தங்கைக்குச் செய்யாமல் விடுவீர்களா என்பதை இப்போதே இரண்டுபேரும் இருந்து பேசுங்கள். பல வீடுகளில் இந்தப் பேச்சு நடப்பதேயில்லை. பிறகு அவள் இயர் ஃபைவுக்கு வரும்போது வீட்டில் ஒரு மௌனம் விழும்.

புலமைப்பரிசில் விஷயத்தில் ஊர் வார்த்தை நம்மை நன்றாகக் குழப்புகிறது. ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் பெரிய பாடசாலையும் கிடைக்கும், வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணமும் கிடைக்கும். இங்கே இரண்டும் வேறு வேறு. ‘ஸ்கொலர்ஷிப்’ என்பது கெட்டித்தனத்துக்குத் தருகிற மரியாதை. பல இடங்களில் 5, 10 வீதம்தான் கழிப்பார்கள், சில இடங்களில் பெயர் மட்டும்தான். ஈட்டனின் புகழ்பெற்ற ‘கிங்ஸ் ஸ்கொலர்’ பட்டத்துக்கே கழிவு 10 வீதம். உண்மையான காசு ‘பேர்சரி’யில் இருக்கிறது. அது குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது. சில பாடசாலைகளில் முழுக் கட்டணமும்கூட அதில் போய்விடும்.

பேர்சரி கேட்கிறோம் என்பதைப் பெரும்பாலும் பதிவு செய்யும்போதே சொல்லவேண்டும். இடம் கிடைத்த பிறகு கேட்டால் பெட்டி காலியாக இருக்கும். கேட்பதால் பிள்ளையைக் குறைவாகப் பார்ப்பார்களோ என்று நம்மவர்கள் வெட்கப்படுவார்கள். அதை விடுங்கள். சம்பளத் துண்டு, வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, வீட்டுக்கடன் பத்திரம் எல்லாம் கேட்பார்கள். சில பாடசாலைகள் ஆள் அனுப்பி வீட்டையும் பார்க்கும். ஊரில் இருக்கிற காணி, வீடு, அடைவில் இருக்கிற நகை என்று ‘இது இவர்களுக்கு எதற்கு’ என நீங்கள் நினைப்பவையும் சொத்துத்தான். கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். இது ஒருமுறை தந்து முடிகிற விஷயமும் இல்லை, வருடா வருடம் திரும்பப் பார்ப்பார்கள். அடுத்த வருடம் சம்பளம் ஏறினால் உதவி இறங்கும். இருவருடைய சம்பளமும் சேரும்போது பேர்சரிக்கு மேலாகவும் கட்டணத்துக்குக் கீழாகவும் நிற்கிற குடும்பங்கள்தான் இங்கே அதிகம். நீங்களும் அதில் ஒன்றாக இருக்கலாம். பாடசாலையின் பேர்சரிப் பிரிவுக்கு முன்கூட்டியே உங்கள் வருமானத்தைச் சொல்லிக் கேட்டால், வாய்ப்பு உண்டா என்று ஓரளவு வெளிப்படையாகவே சொல்லிவிடுவார்கள்.

அப்படியென்றால் பெடியன்கள் மட்டும் படிக்கிற, ஒரு பவுணும் கட்டத் தேவையில்லாத இடம் இல்லையா? இருக்கிறது. பார்னெட்டில் இருக்கிற குயீன் எலிசபெத் பாடசாலை அரச கிராமர் பாடசாலை, அதாவது பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற அரச பாடசாலை. 1573இலிருந்து நடக்கிறது. வசிக்கிற எல்லை என்று ஒன்று அதற்கு இல்லாததால் ஹரோவிலிருந்தும் போகலாம். போட்டி கடுமை. அதன் பதிவு இயர் ஃபைவ் கோடையிலேயே முடிந்து, பரீட்சை செப்டெம்பரில் வந்துவிடும். தனியார் பரீட்சைக்குச் செய்கிற அதே தயாரிப்பில் பாதிக்குமேல் இதற்கும் உதவும். பரீட்சைக்குப் பதிந்தது மட்டும் போதாது, ஒக்டோபர் 31க்குள், அரச பாடசாலைகளுக்கு விண்ணப்பிக்கிற ஹரோ கவுன்சில் படிவத்திலும் அந்தப் பாடசாலையின் பெயரை எழுதவேண்டும். அந்தப் படிவத்தில் ஆறு இடம் இருக்கிறது. தனியார் பாடசாலைக்குப் போகிற எண்ணம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஆறையும் நிரப்புங்கள்.

மார்ச் மாதம்தான் இக்கட்டு. மார்ச் 1இல் அரச பாடசாலை முடிவு வரும். தனியார் பாடசாலைகள் பதில் கேட்கிற கடைசி நாள் அநேகமாக அதற்குச் சில நாள் கழித்துத்தான். முற்பணம் கட்டி ஒப்பந்தத்தில் தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்கவேண்டும். அந்தப் பத்திரத்தில் வாசிக்கவேண்டியது ஒரு பந்திதான்: ‘ஒரு தவணை முன்னறிவித்தல்’. என்னிடம் வந்த குடும்பம் ஒன்று மார்ச்சில் ஒரு தனியார் பாடசாலைக்குக் கையெழுத்து வைத்தது. ஜூன் கடைசியில், தாய் வேலையில் நிற்கும்போது, காத்திருப்புப் பட்டியலில் இருந்த கிராமர் பாடசாலையில் இடம் வந்திருக்கிறது என்று மின்னஞ்சல். அழுகிற அளவுக்குச் சந்தோஷம். தனியார் பாடசாலைக்கு வேண்டாம் என்று எழுதினார்கள். முற்பணம் போனதோடு, முழுத் தவணைக் கட்டணத்துக்கும் பில் வந்தது. அந்தப் பாடசாலையில் பிள்ளை ஒரு நாள்கூட உட்காரவில்லை. ஒப்பந்தத்தில் இருந்ததால் கட்டத்தான் வேண்டியிருந்தது. எந்தத் திகதிக்கு முன்னர் சொன்னால் முற்பணத்தோடு தப்பலாம் என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ரியூசன்: வாரத்தில் இரண்டு வகுப்புக்கு மேல் நான் சொல்லமாட்டேன். பல பாடசாலைகள் இயர் சிக்ஸில் ‘ஐசெப்’ என்கிற கணினிப் பரீட்சையை வைக்கின்றன. ஆங்கிலம், கணிதம், சொல் தர்க்கம், உருவத் தர்க்கம் என நான்கு பகுதி. விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி கடினமாகவோ இலேசாகவோ மாறும், திரும்பிப்போய்த் திருத்த முடியாது. ஒரு கல்வியாண்டில் ஒருமுறைதான் எழுதலாம், அந்த முடிவையே எல்லாப் பாடசாலைகளும் பார்க்கும். ஆகவே ‘முதலில் ஒன்றில் எழுதிப் பழகட்டும்’ என்கிற கதை இங்கே சரிவராது.

நம் பிள்ளைகள் கணிதத்தில் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள், விழுவது ஆங்கில வாசிப்பில். கதைப் பகுதியில் ஆசிரியர் கேள்வி கேட்டதும் ஒரு சிறுவன் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தான் என்று வரும். அவன் மனநிலை என்ன என்று கேட்டால், ‘சப்பாத்து ஊத்தையாக இருந்தது’ என்று எழுதிவிட்டு வருவார்கள். எத்தனை பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் இது தீராது. இரவில் இருபது நிமிடம் பக்கத்தில் இருந்து கதை வாசித்து, ‘இவன் ஏன் இப்படிச் செய்தான்?’ என்று கேளுங்கள். தமிழில் கேட்டாலும் சரிதான். ஊகிக்கிற பழக்கத்துக்கு மொழி இல்லை.

நேர்முகத்துக்குப் பாடமாக்க விடாதீர்கள். பரீட்சைக்கு முன் என்னிடம் ஒத்திகைக்கு வந்த ஒரு பையனிடம் வார இறுதியில் என்ன செய்வாய் என்று கேட்டேன். செஸ், பழைய இலக்கியம் என்று கடகடவென ஒப்புவித்தான். எந்தப் புத்தகம் என்றதும் கூரையைப் பார்த்தான். உண்மையில் என்ன செய்வாய் என்று திரும்பக் கேட்டேன். தகப்பனின் கடையில் நிற்பானாம். பால் பெட்டிகளில் திகதி பார்த்துப் பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் அடுக்குவானாம். ‘ஆனால் சில பேர் கையைப் பின்னுக்கு விட்டு எடுப்பார்கள், அவர்களை எனக்குத் தெரியும்’ என்றான். பத்து நிமிடம் நிறுத்தாமல் கதைத்தான். அதைத்தான் அங்கேயும் சொல்லச் சொன்னேன்.

இன்னொன்று, மகனின் தற்போதைய அதிபரிடமிருந்து தனியார் பாடசாலைகள் அறிக்கை கேட்கும். அது வருகிற நாளில் அவர் திடுக்கிடக் கூடாது. இந்தத் தவணையிலேயே போய், எங்கெங்கே விண்ணப்பிக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

தமிழ்ப் பாடசாலையை இப்போது நிறுத்தத் தேவையில்லை. ஜனவரிப் பரீட்சைக்கு முன் இரண்டு மூன்று வாரம் விடுப்பு எடுத்தால் போதும். சிக்கல் சேர்ந்த பிறகுதான். இந்தப் பாடசாலைகள் பலவற்றில் சனிக்கிழமை காலையில் றக்பியும் கிரிக்கெட்டும் போட்டியாக நடக்கும், அணியில் பெயர் வந்தால் போகத்தான் வேண்டும். பாடசாலையைப் பார்க்கப் போகும் நாளில் அதிபரின் பேச்சை விட்டுவிட்டு, உங்களைச் சுற்றிக் காட்டுகிற மாணவனிடம் கேளுங்கள்: போன மாதம் எத்தனை சனிக்கிழமை வீட்டில் நின்றாய்?