டிராகன் ஆட்டம் ஆடும் பிள்ளையும் பயமுறுத்தும் செய்தியும்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, உயர்நிலை இரண்டில் படிக்கிறான். சனிக்கிழமை மதியம் பள்ளி நண்பர்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்து அவனோடு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் ஆட்டம் அது. போன வாரம் என் மச்சினர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைப் பகிர்ந்தார். வெளிநாட்டில் ஒரு மாணவன் உயிரை மாய்த்துக்கொண்டதை, ‘பலி வாங்கிய பேய் விளையாட்டு’ என்று தலைப்பிட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஆட்டத்தின் விதிப் புத்தகங்கள் வீட்டில் இருக்கவே கூடாது என்கிறார் மாமியார். ஆட்டத்தை நிறுத்திவிடவா? அந்தச் செய்திக்கு ஏதாவது பதில் சொல்ல முடியுமா? (ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: நிறுத்தவேண்டாம். பதில் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தத் தலைப்பு நாற்பது வருடங்களுக்கு மேலாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974ல் வெளிவந்தது. 1979 ஆகஸ்டில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமல் போனார். வயது 16தான், அந்த வயதிலேயே பல்கலைக்கழகம் போன கெட்டிக்காரப் பையன். குடும்பம் ஒரு தனியார் துப்பறிவாளரை அமர்த்தியது. பையன் இந்த ஆட்டம் ஆடுபவன் என்று தெரிந்ததும், வளாகத்துக்கு அடியில் உள்ள நீராவிக் குழாய்ச் சுரங்கத்தில் ஆட்டத்தை நிஜமாகவே ஆடப்போய்ச் சிக்கியிருக்கலாம் என்று அவர் ஊகித்தார். பத்திரிகைகளுக்கு அது போதும். ஊகம் தலைப்பாகி நாடு முழுக்கப் பரவியது.

சுமார் ஒரு மாதம் கழித்து, வேறு மாநிலமான லூசியானாவில், பையன் உயிரோடு கிடைத்தார். அவர் சுரங்கத்துக்குப் போனது உண்மை, ஆனால் ஆட்டம் ஆடுவதற்காக அல்ல. மனச்சோர்வு, தனிமை, படிப்பில் மற்றவர்கள் வைத்திருந்த எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து அவரை அங்கே கொண்டுபோயிருந்தன. அடுத்த ஆண்டு அவர் இறந்துவிட்டார். ஆட்டத்துக்கும் அவர் காணாமல் போனதற்கும் சம்பந்தமில்லை என்று அதே துப்பறிவாளர் விவரமாக எழுதிய புத்தகம் 1984ல்தான் வந்தது. அதற்குள் இந்தச் சம்பவத்தின் சாயலில் ஒரு நாவலும், அதை வைத்து 1982ல் டாம் ஹேங்க்ஸ் நடித்த தொலைக்காட்சிப் படமும் வந்துவிட்டன. திருத்தம் யாருக்கு எட்டும்? துணைப்பாடம், துணைப்பாடம் என்று ஓடும் நம் ஊரில் இந்தக் கதையைச் சொல்வதானால் நான் சுரங்கத்தை விட்டுவிட்டு அந்த எதிர்பார்ப்பைப் பற்றித்தான் பேசுவேன்.

1980களில் இந்த ஆட்டத்துக்கு எதிராக ஓர் இயக்கமே நடந்தது. இறந்துபோன இளையர்களின் பட்டியலைக் காட்டி, எல்லாரும் இதை ஆடியவர்கள் என்றார்கள். 1985ல் அமெரிக்காவின் பிரபலமான ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியும் இதை எடுத்துப் பேசியது. 1990ல் மைக்கேல் ஸ்டாக்போல் என்பவர் அந்த வாதத்தைப் பிரித்து மேய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். அவரும் ஆட்டத் துறைக்காரர்தான், அதனால் அவர் பேச்சை அப்படியே விழுங்கவேண்டாம். கணக்கை மட்டும் பாருங்கள். லட்சக்கணக்கான பதின்ம வயதினர் ஒரு காரியத்தைச் செய்தால், அவர்களில் சிலர் ஏதாவதொரு காரணத்தால் ஒவ்வோர் ஆண்டும் இறக்கத்தான் செய்வார்கள். பந்து விளையாடுபவர்களிலும் அப்படித்தான். ஆட்டம்தான் காரணம் என்றால், அதை ஆடுபவர்களிடையே இந்த எண்ணிக்கை அதே வயதுப் பிள்ளைகளின் சராசரியைவிடக் கூடியிருக்கவேண்டும். அவர்கள் காட்டிய பட்டியல் அந்தச் சராசரிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

சரி, மேசையில் அப்படி என்னதான் நடக்கிறது? ஒருவன் கதை நடத்துநர். “முன்னால் ஈரமான மதில், மேலே காவலாளி” என்று அவன் சொல்கிறான். உங்கள் மகன் “ஏறுகிறேன்” என்கிறான். நடத்துநர் மனத்துக்குள் 15 என்று ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறான். மகன் இருபது முகப் பகடையை உருட்டுகிறான், 12 விழுகிறது. தன் பாத்திரத்தின் உடல்வலுவுக்கு உரிய 3ஐக் கூட்டினால் 15. ஏறிவிட்டான். விழுந்தது 11 என்றால் வழுக்கி விழுந்திருப்பான். காவலாளியிடம் என்ன பொய் சொல்லித் தப்பிப்பது என்று ஐந்து பேரும் கூடிப் பேசி மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மூன்று நான்கு மணி நேரமும் இதேதான். நடுவில் கறிபஃப் காலியாகும்.

மாமியாரைப் பயமுறுத்துவது மந்திரப் பக்கங்களாக இருக்கும். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மந்திரத்தைப் படித்துக் காட்டுங்கள். ‘ஃபயர்பால்’ என்று ஒன்று உண்டு. 150 அடி தூரம்வரை வீசலாம், 20 அடி ஆரத்துக்குள் நிற்பவர்களுக்கு அடி, அடியின் அளவு எட்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை. தேவையான பொருள்கள் வௌவால் எச்சமும் கந்தகமும். இதை எத்தனை முறை ஓதினாலும் அடுப்புகூடப் பற்றாது. அசுரர், பிசாசு படங்களைக் கண்டு முகம் சுளித்தால், கந்த சஷ்டி சூரசம்ஹாரத்தில் சூரன் தலை மாற்றி மாற்றி வருவதைச் சொல்லுங்கள். அசுரன் வருவதே தோற்பதற்குத்தான் என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கவலைப்படவேண்டிய இடம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2023ல் நம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு 16 வயது மாணவரைப் பற்றி அறிவித்தது நினைவிருக்கலாம். ரோப்லாக்ஸ் இணைய விளையாட்டுத் தளத்தில், ஐஎஸ் பயங்கரவாத அமைப்பைப் போலவே அமைத்த களங்களில் சேர்ந்து, தன்னை அந்த அமைப்பின் உறுப்பினராகவே எண்ணிக்கொண்டவர் அவர். கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. “பார்த்தீர்களா, வேடம் போட்டு ஆடினால் இப்படித்தான்” என்று உங்கள் மச்சினர் அடுத்து இதைத்தான் நீட்டுவார். பிள்ளைகளை அங்கே இழுப்பது டிராகன் அல்ல. முகம் தெரியாத ஆள்கள், மூடிய குழு, நிஜமான வன்முறை அமைப்பு ஒன்றின் பிரசாரம், இவைதான். உங்கள் வீட்டு வரவேற்பறையில் இருப்பவர்களோ நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளைகள். அதனால் மகனிடம் “என்ன ஆட்டம்?” என்று கேட்பதைவிட “யார்கூட ஆடுகிறாய்?” என்று கேளுங்கள். இணையத்தில் ஆடத் தொடங்கினாலோ, யாராவது தனி அரட்டைக்கு அழைத்தாலோ, கட்டாயம் கேளுங்கள்.

தூக்கம் கெடுகிறதா, பழைய நண்பர்களை விட்டு விலகுகிறானா, எதிலும் ஒட்டாமல் இருக்கிறானா என்று கவனியுங்கள். இவை ஆட்டம் ஆடாத பிள்ளையிடமும் பார்க்கவேண்டியவை. வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுப் பயனில்லை. அவனோடு உட்கார்ந்து நேரடியாகப் பேசுங்கள், பள்ளி ஆலோசகரை அணுகுங்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

இனி அந்தச் செய்தி. இன்னொரு தடவை, பென்சிலோடு படியுங்கள். ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’ என்று முடியும் வாக்கியங்களின் கீழே கோடு போடுங்கள். ஆட்டம்தான் காரணம் என்று சொன்னது யார்? காவல்துறையா, மருத்துவரா, பக்கத்து வீட்டுக்காரரா? பெரும்பாலும் பெயரில்லாத ‘வட்டாரங்கள்’தான் இருக்கும். பையனின் உடல்நலம், பள்ளியில் நடந்தது எல்லாம் கடைசிப் பத்தியில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். இல்லாவிட்டால் இருக்கவே இருக்காது.

அப்புறம் அந்தச் செய்தியை வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியருக்கு எழுதுங்கள். தலைப்பு, தேதி, பிழையான வாக்கியம், நீங்கள் கேட்கும் திருத்தம், இவ்வளவும் 150 சொற்களுக்குள் அடங்கட்டும். ‘என் மகனும் ஆடுகிறான், நல்ல பிள்ளை’ என்பது வாதமாகாது, அதை விட்டுவிடுங்கள். உங்களிடம் இருக்கும் பலமான ஆயுதம் உலகச் சுகாதார நிறுவனம் ஊடகத்தாருக்கு வெளியிட்டுள்ள வழிகாட்டி. உயிரை மாய்த்துக்கொண்ட சம்பவங்களைப் பரபரப்பாகத் தலைப்பிடக்கூடாது, ஒற்றைக் காரணத்தைச் சொல்லி எளிமைப்படுத்தக்கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆட்டம் நல்லதா கெட்டதா என்று வாதாடினால் ஆசிரியர் தட்டிக்கழிப்பார். தன் தொழிலின் நெறியை எடுத்துக்காட்டினால் நின்று படிப்பார். நிருபரைத் திட்டவேண்டாம், தலைப்பு வைப்பது பெரும்பாலும் வேறொருவர். இங்குள்ள தொலைக்காட்சியிலோ வானொலியிலோ இப்படி வந்தால், நிலையத்துக்கு எழுதுவதோடு தகவல் தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்திடமும் கருத்துத் தெரிவிக்கலாம்.

மச்சினருக்குக் குழுவில் பதில் போட்டால் எல்லார் முன்னாலும் அவர் விட்டுக்கொடுக்கமாட்டார், பெரிய அத்தையும் சேர்ந்துகொள்வார். தனியாக ஃபோன் போட்டு, வரும் சனிக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்கள். ஆட்டம் நடக்கும்போதே வரட்டும், பகடையை அவர் கையிலும் கொடுங்கள்.

ஆசிரியரிடமிருந்து பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் துரத்தவேண்டாம். கடிதத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும். மகன் பெயரும் அவன் பள்ளியின் பெயரும் எங்கேயும் வரவேண்டாம்.