விண்டோஸில் ஓடிய செயலி உபுண்டுவில் ஏன் 404 காட்டுகிறது?

திருநெல்வேலி அறையில் உங்கள் விண்டோஸ் மடிக்கணினியில் டாம்கேட் என்ற ஜாவா வலைச் சேர்வரில் நன்றாக ஓடிய செயலி, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள சேர்வரில் ஏற்றியதும் 404, அதாவது பக்கம் கிடைக்கவில்லை என்று காட்டுகிறது, தமிழும் கேள்விக்குறியாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இரண்டு பக்கத்திலும் டாம்கேட் பதிப்பைப் பாருங்கள். 9இல் ஜாவக்ஸ் (javax) என்று தொடங்கிய சேர்வ்லெட் (வலைக் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) பொதிப்பெயர்கள் 10இல் ஜகார்த்தா (jakarta) ஆகிவிட்டன. 9க்கு எழுதிய செயலியை 10இல் அப்படியே போட்டால், சேர்வர் சத்தமில்லாமல் எழும்பும், பக்கம் மட்டும் வராது. அநேகமாக உங்கள் சிக்கல் இதுதான். அதோடு 10.1க்கு ஜாவா 11 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

பதிப்பு ஒன்றாக இருந்தால் கோப்புப் பெயர்களைப் பாருங்கள். விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பொதுவாக ஒன்றாகவே எடுக்கும், லினக்ஸ் எடுக்காது.

சரி, தமிழ். ஜாவா 18க்கு முந்தியவை எழுத்துக் குறியீட்டை இயங்குதளத்திடம் கேட்டு எடுப்பவை. பின்னணிச் சேவையாக ஓடும்போது மொழி அமைப்பு இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் இல்லாத வெறும் ஆஸ்கி குறியீடுதான் கிடைக்கும். இதே காரணத்தால் எங்கள் ஊர் வாசிகசாலையின் நூற்பட்டியலில் ஒரு தலைப்புக்கூட வாசிக்க முடியாமல் போனபோது எனக்கு மனம் பதறிவிட்டது. ஜாவாவைத் தொடங்கும்போதே ஃபைல் என்கோடிங் (file.encoding) யூடிஎஃப்-8 என்று கொடுங்கள்.

அப்புறம், லினக்ஸில் 1024க்குக் கீழுள்ள போர்ட்டுக்கு (சேர்வர் இணைப்புகளை ஏற்கும் வாசல் எண்) வழக்கமாக ரூட் என்ற நிர்வாகி அனுமதி வேண்டும். டாம்கேட்டை 8080இலேயே விட்டு, கோரிக்கைகளை வாங்கி அதற்கு அனுப்ப முன்னால் எஞ்சின்எக்ஸ் (nginx) என்ற வலைச் சேர்வரை வையுங்கள்.