ஈதருக்குப் பெயர் வைப்பது எப்படி? சில கேள்விகளும் பதில்களும்

ஈதர் என்றால் ஆக்சிஜன் அணுவின் இரு பக்கமும் கார்பன் தொகுதி உள்ள சேர்மம். அதில் ஒரு பக்கம் மெத்தில் (ஒரு கார்பன்), மறுபக்கம் எத்தில் (இரண்டு கார்பன்). இது மெத்தாக்ஸி ஈத்தேனா, ஈத்தாக்ஸி மீத்தேனா?

மெத்தாக்ஸி ஈத்தேன். தாளில் எது இடப்பக்கம் இருக்கிறது என்பதைப் பார்க்கவே வேண்டாம். நீளமான கார்பன் சங்கிலி உள்ள பக்கம்தான் மூல ஆல்கேன், அதாவது பெயருக்கு அடிப்படையான ஹைட்ரோகார்பன். குட்டைப் பக்கம் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு ஆல்காக்ஸி என்ற முன்னொட்டு ஆகிவிடும். இரண்டு பக்கமும் எத்தில் என்றால் ஈத்தாக்ஸி ஈத்தேன். 1846-இல் பாஸ்டன் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையின்போது மயக்கம் கொடுத்துக் காட்டிய ஈதர் இதுதான்.

எண் எப்போது போட வேண்டும்?

இடம் மாறினால் சேர்மமும் மாறும் என்றால் மட்டும். ஈத்தேனின் இரண்டு கார்பன்களில் எதில் மெத்தாக்ஸி சேர்ந்தாலும் சேர்மம் ஒன்றே, அதனால் எண் வேண்டாம். மூன்று கார்பன் உள்ள புரப்பேனில் ஓரத்தில் சேர்ந்தால் 1-மெத்தாக்ஸி புரப்பேன், நடுவில் சேர்ந்தால் 2-மெத்தாக்ஸி புரப்பேன். சிலர் வலமிருந்து எண்ண மறந்து 3-மெத்தாக்ஸி புரப்பேன் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒரு பெயர் வரவே வராது.

ஒரு பக்கம் மெத்தில் இருக்க, மறுபக்கம் உள்ள மூவிணைய பியூட்டைல் தொகுதியில் நான்கு கார்பன் இருக்கிறதே, மெத்தாக்ஸி பியூட்டேன் என்றால் ஏன் தவறு?

நல்ல கேள்வி. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே மதிப்பெண்ணை விடும் இடம் இது. மொத்தக் கார்பனை எண்ணாதீர்கள், சங்கிலியை எண்ணுங்கள். நடுக் கார்பனில் மூன்று மெத்தில்கள். பென்சிலை ஒரு மெத்திலில் வைத்து நடுக் கார்பன் வழியாக இன்னொரு மெத்திலுக்கு இழுத்துப் பாருங்கள்: மூன்றுதான் வரும். ஆக, மூலம் புரப்பேன். மிஞ்சிய மெத்திலும் மெத்தாக்ஸியும் இரண்டாம் கார்பனில் இருக்கின்றன. பெயர் 2-மெத்தாக்ஸி-2-மெத்தில்புரப்பேன். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை உயர்த்தக் கலக்கப்பட்ட எம்.டி.பி.இ. இதுவே.

அனிசோல் என்று எழுதலாமா?

தாராளமாக. மெத்தாக்ஸி பென்சீனும் சரி. வேதிப்பெயர் விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐ.யூ.பி.ஏ.சி.யின் 2013-ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் அனிசோலையே முதன்மைப் பெயராக வைத்திருக்கின்றன.

வளையம் வரும்போது ஒரு குழப்பம் உண்டு. பீனைலுக்கும் (பென்சீன் வளையத் தொகுதி) ஹெப்டைலுக்கும் (ஏழு கார்பன் சங்கிலி) நடுவே ஆக்சிஜன் இருந்தால், என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு நூல் 1-பீனாக்ஸிஹெப்டேன் என்கிறது. 2013 விதிப்படி சங்கிலியைவிட வளையத்துக்கே முன்னுரிமை என்பதால் ஹெப்டைலாக்ஸி பென்சீன் என்று வரும். பரீட்சைக்குப் போகிறவர்கள் தங்கள் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள். மேற்படிப்புக்குப் போனபின் புதிய விதிக்கு மாறிக்கொள்ளலாம்.

ஒரே மூலக்கூறில் ஆல்கஹாலும் ஈதரும் இருந்தால்?

ஆல்கஹால்தான் முந்தும். பெயரின் கடைசியில் அது நிற்கும், ஈதர் முன்னொட்டாகவே வரும்: 2-மெத்தாக்ஸி எத்தனால். இங்கே எண்ணும் ஆல்கஹால் இருக்கும் கார்பனிலிருந்தே தொடங்குகிறது.