மலிவாகக் கிடைக்கும் பிஎச்பி புத்தகத்தை வாங்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். தமிழ் வழியில் படித்தவன். இணையப்பக்கம் வடிவமைக்க உதவும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரியும். அடுத்து, இணையதளங்களுக்கு நிரல் எழுதும் மொழியான பிஎச்பி கற்க விரும்புகிறேன். கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் 900 பக்கப் புத்தகம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அடுத்த முறை வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போகும்போது, அந்தப் புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் புரட்டுங்கள். தகவல்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தோடு (இங்கே மைஎஸ்க்யூஎல்) பிஎச்பியை இணைக்கும் கட்டளை ‘மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்’ என்று இருக்கிறதா, ‘மைஎஸ்க்யூஎல்ஐ_கனெக்ட்’ என்று இருக்கிறதா? நடுவில் அந்த ஓர் ‘ஐ’ இல்லையென்றால், தரவுத்தளத்தோடு இணைக்கும் இன்னொரு வழியான ‘பிடிஓ’ என்ற சொல்லும் எங்கும் இல்லையென்றால், புத்தகத்தை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தப் பழைய முறையைக் கைவிடும்படி 2013-இல் வந்த பிஎச்பி 5.5 பதிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-இல் அடியோடு நீக்கிவிட்டார்கள். இன்றைய கணினியில் அதைத் தட்டினால் பிழைச்செய்திதான் வரும். புதிதாகக் கற்பவரோ, தவறு தன்னுடையது என்று நினைத்து இரவெல்லாம் எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பார். ஆர்வமுள்ள பிள்ளைகள் இப்படிச் சோர்ந்து கைவிடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து, படிவங்கள் பற்றிய அத்தியாயம். பெட்டியில் ஒருவர் தட்டியதை அப்படியே எஸ்க்யூஎல் (தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழி) வரியோடு ஒட்டிவிடும் புத்தகம் ஆபத்தானது. பெயருக்குப் பதிலாக ஒருவர் ஓர் எஸ்க்யூஎல் துண்டைத் தட்டினால் உங்கள் பதிவுகள் முழுவதும் அவர் கைக்குப் போய்விடக்கூடும். வினவலை, அதாவது அந்த எஸ்க்யூஎல் வரியை, முன்கூட்டியே தயாரித்து, மதிப்பைத் தனியாக அனுப்பக் கற்றுத்தரும் நூலே நல்ல நூல். கடவுச்சொல்லை, இன்று எளிதில் உடைக்கக்கூடிய ‘எம்டி5’ என்ற பழைய முறையில் மாற்றிச் சேமிக்கச் சொல்லும் நூலும் வேண்டாம்.

ஆண்டைப் பார்க்கும்போது மறுஅச்சு ஆண்டில் ஏமாந்துவிடாதீர்கள். பதிப்பு ஆண்டுதான் கணக்கு. பிஎச்பி 8 வெளியானது 2020 நவம்பரில். எனவே 2021-க்குப் பிந்தைய பதிப்பாகத் தேடுங்கள்.

900 பக்கம் முதல் புத்தகத்துக்கு ஆகாது. 300 பக்கத்துக்குள், ஒரே வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்துகாட்டும் நூல் போதும். மற்ற விவரங்களுக்கு பிஎச்பியின் அதிகாரபூர்வக் கையேடு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆங்கிலம் தடையாக இருந்தால், தமிழில் கணினி நூல்களை வெளியிடும் கணியம் தந்துள்ள ‘எளிய தமிழில்’ வரிசை மின்னூல்களில் மைஎஸ்க்யூஎல் பற்றியதை முதலில் படியுங்கள், அவையும் இலவசம். தரவுத்தளம் தமிழில் புரிந்துவிட்டால், பிஎச்பி நூலின் ஆங்கிலம் பாதி பழகியதாகிவிடும்.

எந்த நூலை எடுத்தாலும் அதிலுள்ள பயிற்சியை உங்கள் அச்சக வேலைக்கு மாற்றிச் செய்யுங்கள். வாடிக்கையாளர் பெயர், கல்யாணப் பத்திரிகை எண்ணிக்கை, முன்பணம், தரவேண்டிய தேதி: இந்த நான்கையும் சேமித்து, நாளை தரவேண்டியதை மட்டும் காட்டும் ஒரு பக்கத்தை முதலில் எழுதிப் பாருங்கள்.