பிளஸ் டூ முடித்தாயிற்று, எனக்கு ஒத்துவரும் படிப்பு எது?

மன்னார்குடிப் பக்கம் கிராமம், உயிரியல்–கணிதப் பிரிவு, வீட்டில் கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்கிறார்கள், எனக்கோ வயல்தான் பிடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வயலில் எது பிடிக்கிறது? அதை யோசித்துப் பாருங்கள். நாற்றங்காலில் இலை மஞ்சளானால் குனிந்து, ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்ப்பவரா? அப்படியென்றால் பி.எஸ்சி. வேளாண்மை. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நெல்லைத் திருப்பி அனுப்பும்போது, இதைச் சீக்கிரம் காயவைக்க என்ன வழி என்று மனசு ஓடுகிறதா? அது உணவுத் தொழில்நுட்பம். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது, பி.டெக். சேர ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

கணக்கு நன்றாக வருகிறது என்பதற்காகவே நான் கணக்கு வேலைக்குப் போனேன். மூன்று வருஷம் ஆகியும் மனசு ஒட்டவில்லை. திறமை இருந்தது, ஆசை இல்லை. உங்களுக்கு அது நேரக்கூடாது.

ஜூன் 12, மேட்டூர் திறக்கும் நாள் வருவதற்குள் பக்கத்து ரைஸ்மில்லில் பத்து நாள் கூடமாட வேலை செய்யுங்கள். அப்புறம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஆடுதுறைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.